வேலூர்த் தூணா, நந்தம்பாக்கம் கல்லறைத் தோட்டமா?

போரில் மாண்டவர்களை நினைக்க ஒரு காலை ஒதுக்குகிறீர்களா? வேலூர்க்காரர்களுக்கு உள்ளூரிலேயே மக்கான் சந்திப்பில் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூண் இருக்கிறது. 1806 ஜூலை 10 விடியலில் வேலூர்க் கோட்டைக்குள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த இந்தியச் சிப்பாய்களுக்கானது. நெற்றிக்குறி கூடாது, தாடியை மழி, புதுத் தலைப்பாகை கட்டு என்ற ஆணைகளே அவர்களைக் கொதிக்க வைத்தன. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்ததும் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அவர்களுக்குத் தனித்தனிக் கல்லறை இல்லை. அதனாலேயே இந்தத் தூணைத் தவறவிடக்கூடாது. ஆனால் வண்டி இரைச்சலில் நிற்க முடியாது. காலை ஆறரைக்குள் பார்த்துவிட்டு, அகழியோரமாகக் கோட்டைக்குள் நடந்துவிடுங்கள். அருங்காட்சியகமும் பார்ப்பதென்றால் வெள்ளிக்கிழமை வேண்டாம், விடுமுறை.

மர நிழலும் அமைதியும் தேடுவோருக்குச் சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டம்தான். சென்னைப் பேருந்தில் ஏறிக் கோயம்பேடு வரை போனால் வீண் சுற்று. பூந்தமல்லியில் இறங்கி, போரூர் வழியாகப் பரங்கிமலை செல்லும் பேருந்தைப் பிடியுங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேர் இங்கே புல்வெளி நடுவே உறங்குகிறார்கள். ஒவ்வொரு கல்லையும் குனிந்து படியுங்கள்: படைச் சின்னம், பெயர், இறந்த தேதி, சிலவற்றில் வயது. அடியில் குடும்பத்தார் எழுதிய ஒரு வரி இருந்தால் அங்கேதான் கால் நின்றுவிடும். அவசரமாக வரிசையைக் கடப்பவர்கள் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பின்பக்கம் முதல் உலகப் போர் நினைவுச் சுவரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். ஒரு மணி நேரமாவது வேண்டும். தண்ணீர் கையோடு இருக்கட்டும்.

ஒரே நாள்தான் என்றால் நந்தம்பாக்கம். ஜூலை 10 என்றால் மக்கான் தூண்.