ஸ்ட்ரோக் வந்தா பழைய ஊசியா, புது ஊசியா, இல்ல கிளாட்டையே வெளிய எடுக்குறதா?

முதல்லயே சொல்லிடுறேன், இது மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சு வர்ற ஸ்ட்ரோக் பத்தி மட்டும்தான். குழாய் வெடிச்சு உள்ள ரத்தம் கசியுறவங்களுக்கு, கிளாட்டை, அதாவது ரத்தக்கட்டியைக் கரைக்கிற இந்த ஊசியைப் போட்டா உயிருக்கே ஆபத்து, அதனாலதான் போனதும் சிடி ஸ்கேன் எடுக்குறாங்க, அதை வீண் செலவுன்னு நினைச்சு சண்டை போடாதீங்க.

எங்க பெரியப்பாவுக்கு ஒருநாள் காலைல வாய் கோணி வலது கை தொங்கிப்போச்சு, வீட்டுல பாதிப் பேரு பக்கத்து ஆஸ்பத்திரிங்குறாங்க, மீதிப் பேரு நேரா சிட்டிக்கே போயிடலாம்ங்குறாங்க, அந்தப் பேச்சுலயே அரைமணி நேரம் போயிடுச்சு. அப்புறம்தான் இதையெல்லாம் தேடித் தேடிப் படிச்சேன்.

பழைய ஊசி அல்டிப்ளேஸ். 1995ல அமெரிக்காவுல 624 பேரை வச்சு பண்ணின ஆய்வுல, 3 மணி நேரத்துக்குள்ள இதைப் போட்டவங்கள்ல மூணு மாசம் கழிச்சு பெருசா குறை இல்லாம இருந்தவங்க அதிகம்னு தெரிஞ்சுது. ஆனா மூளைக்குள்ள ரத்தக்கசிவாகி நிலைமை மோசமானது ஊசி போட்டவங்கள்ல 6.4 சதவீதம், போடாதவங்கள்ல 0.6 சதவீதம். இந்த நம்பரைக் கேட்டுட்டுத்தான் நிறைய பேரு கையெழுத்துப் போட பயப்படுறாங்க, பயம் நியாயம்தான், ஆனா அதே ஆய்வுல ஊசியால சாவு எண்ணிக்கை கூடலங்குறதையும் சேர்த்துப் பார்க்கணும். 2008ல ஐரோப்பாவுல நடந்த ஆய்வுக்கப்புறம் நாலரை மணி நேரம் வரைக்கும் போடலாம்னு ஆச்சு.

புதுசு டெனெக்டிப்ளேஸ், அதே மருந்தோட மூலக்கூறை மூணு இடத்துல மாத்திச் செஞ்சது, ரத்தத்துல கூடுதல் நேரம் நிக்கும். 60 கிலோ ஆளுன்னா அல்டிப்ளேஸ் 54 மில்லிகிராம், அதுல பத்துல ஒரு பங்கை முதல்ல ஏத்திட்டு மீதியை ஒரு மணி நேரம் பம்ப்ல விடணும், டெனெக்டிப்ளேஸ்னா 15 மில்லிகிராம் ஒரே தடவைல சில செகண்டுல போட்டு முடிச்சிடலாம். கனடாவுல சுமார் 1600 பேர்கிட்ட ரெண்டையும் நேருக்கு நேரா பார்த்து 2022ல வெளியிட்டாங்க: நல்லா தேறினவங்க புதுசுல 36.9, பழசுல 34.8 சதவீதம், ரத்தக்கசிவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பலன் சமம்னா என் ஓட்டு புதுசுக்குத்தான், ஏன்னா ஆம்புலன்ஸ்ல இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மாத்தும்போது பம்ப்பைக் கட்டிக்கிட்டு அலைய வேண்டியதில்ல. ஒரே ஒரு விஷயம், டோஸ் கூட்டினா நல்லதுன்னு நினைக்கக்கூடாது, நார்வேல கிலோவுக்கு 0.25க்குப் பதிலா 0.4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்து, ரத்தக்கசிவு கூடினதால அந்த ஆய்வையே நிறுத்திட்டாங்க.

எந்த ஊசியா இருந்தாலும் பிபி 185/110க்குக் கீழ வந்தாதான் போடுவாங்க. ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரை சாப்பிடுறவங்கன்னா அந்த அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

மூணாவது த்ராம்பெக்டமி, தொடை இடுக்குல இருந்து மெல்லிசா ஒரு குழாயை மூளை வரைக்கும் விட்டு கிளாட்டைப் பிடிச்சு இழுத்துடுறது. பெரிய குழாய் அடைச்சிருந்தா ஊசியால மட்டும் கரையுறது கஷ்டம், அங்கதான் இதோட அருமை. நெதர்லாந்துல 500 பேர்கிட்ட நடந்த ஆய்வுல அடுத்தவங்க உதவி இல்லாம வாழுற அளவுக்கு மீண்டவங்க இதுல 32.6 சதவீதம், இது பண்ணாதவங்கள்ல 19.1. ஆனா அதுல ரெண்டு பக்கமும் பெரும்பாலானவங்க ஊசியும் வாங்கியிருந்தாங்க, அதாவது அது ஊசிக்குப் போட்டி இல்ல, ஊசிக்கு மேல இன்னொண்ணு. 2018ல வந்த டான் ஆய்வு இன்னும் ஒருபடி மேல, 6 மணி நேரத்துல இருந்து 24 மணி நேரம் வரைக்கும் ஆனவங்கள்ல, ஸ்கேன்ல காப்பாத்தக்கூடிய மூளை மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்கு மட்டும் பண்ணி, அடுத்தவங்க உதவி இல்லாம வாழுற அளவுக்கு மீண்டவங்க இது பண்ணினவங்கள்ல 49, பண்ணாதவங்கள்ல 13 சதவீதம்னு வித்தியாசம் காட்டுனாங்க. தூங்கி எந்திரிக்கும்போதே கைகால் விழுந்திருந்தா இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு வீட்டுலயே வச்சிருக்காதீங்க. சின்னக் குழாய் அடைப்புக்கு மட்டும் பொதுவா இது சரிப்படாது.

சரி, எங்க வீட்டுச் சண்டைக்கு வருவோம். ஸ்பெயின்ல கேட்டலோனியாவுல சுமார் 1400 பேர்கிட்ட இதையேதான் பார்த்தாங்க, பக்கத்து ஸ்ட்ரோக் சென்டருக்குப் போனவங்களும், கிளாட் எடுக்குற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராப் போனவங்களும் மூணு மாசம் கழிச்சு ஒரே மாதிரிதான் இருந்தாங்க. ஆனா அங்க பக்கத்துல இருந்ததுலயே ஸ்கேனும் ஊசியும் ரெடியா இருந்துச்சு, மாத்தி அனுப்புறதும் வேகமா நடந்துச்சு. உங்க ஊர்ல ராத்திரி 2 மணிக்கும் சிடி எடுத்து இந்த ஊசியைப் போடுற ஆஸ்பத்திரி எதுன்னு இன்னைக்கே போன் பண்ணிக் கேட்டு வச்சுக்குங்க. பெரியம்மாகிட்ட டாக்டர் முதல்ல கேட்டது, கடைசியா எப்போ அவர் நல்லா இருந்தாருன்னுதான், ஆறு மணிக்கு காபி குடிச்சிட்டு பேசிக்கிட்டு இருந்தாருன்னு அவங்க சொன்ன அந்த ஒரு பதிலை வச்சுத்தான் ஊசி போடவே முடிவு பண்ணாங்க.