கம்பெனிப் பதிவுக்குக் கட்டணம் இல்லையாம், தொடங்கலாமா?

ஈரோட்டில் மசாலாப் பொடி அரைத்து விற்கும் என் மச்சான் போன மாதம் போன் செய்தார். "பிரைவேட் லிமிடெட் பதிவு இப்ப ஃப்ரீயாமே, ஆரம்பிச்சிரட்டுமா?" என்றார். கேள்விப்பட்டது பொய்யில்லை, ஆனால் பாதிதான்.

அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் (கம்பெனி வெளியிடக்கூடிய பங்குகளின் உச்ச மதிப்பு) 15 லட்சம் ரூபாய் வரை உள்ள கம்பெனிகளுக்கு 2019 மார்ச் முதல் மத்திய அரசின் பதிவுக் கட்டணம் கிடையாது. மாநிலத்தின் முத்திரைத் தீர்வை, டிஜிட்டல் கையெழுத்து, ஆடிட்டர் கூலி எல்லாம் தனி. கூட்டாளிகளின் கடன் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனமான எல்.எல்.பி.க்கு இந்தச் சலுகை இல்லை. அதற்காக யாரும் கலங்க வேண்டாம், கூட்டாளிகள் போடும் பணம், அதாவது பங்களிப்பு, ஒரு லட்சம் வரை என்றால் பதிவுக் கட்டணமே 500 ரூபாய்தான். தனிநபர் தொழிலுக்கு உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) முழுக்க இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும், எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டியதில்லை. (கூகுளில் தேடினால் காசு கேட்கும் தனியார் தளங்கள்தான் முதலில் வந்து நிற்கும். முகவரி gov.in என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஆக, நுழையும்போது மூன்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் உள்ளே போன பிறகு.

கம்பெனி என்றால் ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாவிட்டாலும் வருடாவருடம் தணிக்கை கட்டாயம். கணக்கறிக்கை ஒரு படிவம், ஆண்டறிக்கை இன்னொரு படிவம். கெடு தவறினால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம், உச்சவரம்பு கிடையாது. இரண்டையும் ஒரு வருடம் மறந்தால் 73,000 ரூபாய். வாசலில் மிச்சம் பிடித்தது எந்த மூலைக்கு? எல்.எல்.பி.யிலும் வருடத்துக்கு இரண்டு படிவங்கள் உண்டு. ஆனால் விற்பனை 40 லட்சத்தையும் பங்களிப்பு 25 லட்சத்தையும் தாண்டாதவரை எல்.எல்.பி. சட்டப்படி தணிக்கை தேவையில்லை. நம்பிக்கையான கூட்டாளியோடு தொடங்குகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

உத்யமை வெறும் சான்றிதழ் என்று நினைப்பவர்கள் அதிகம். பொருள் தயாரிப்பவரோ சேவை தருபவரோ குறு, சிறு நிறுவனமாகப் பதிந்திருந்தால், வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். இழுத்தடித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரக்குப் போட்டுவிட்டுக் காத்திருப்பவருக்கு இதன் அருமை தெரியும். வாங்கி விற்கும் வியாபாரிக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது, வங்கிக் கடனில் முன்னுரிமையோடு சரி.

அப்புறம் டிரேட்மார்க், அதாவது பிராண்டுப் பெயரைப் பதிந்துகொள்வது. ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு சரக்கு வகைக்கு 9,000 ரூபாய். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் 4,500. மச்சான் தனிநபர் என்பதால் எந்தச் சான்றும் இல்லாமலே பாதிதான் கட்டுவார். அவரே கம்பெனி ஆகிவிட்டால், அந்தப் பாதிக்கு உத்யமோ மத்திய அரசு தரும் ஸ்டார்ட்அப் அங்கீகாரமோ காட்ட வேண்டும். ஸ்டார்ட்அப் அங்கீகாரத்துக்கும் கட்டணமில்லை, ஆனால் தனிநபர் தொழிலுக்கு அது கிடைக்காது. வெளியிலிருந்து முதலீடு திரட்டும் எண்ணம் இருப்பவர் கம்பெனியாகி அதை வாங்கிக்கொள்வதில் அர்த்தமுண்டு. மிளகாய்ப் பொடிக்கு இப்போதைக்கு வேண்டாம்.

மச்சான் உத்யம் பதிந்துவிட்டார். பிராண்டுக்கு அக்கா பெயரா, குலதெய்வத்தின் பெயரா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடிந்தால்தான் அந்த 4,500 ரூபாயைக் கட்ட முடியும்.