ஒரு வாரம்தான் லீவு: 115 கிலோமீட்டர் ஓட ஊட்டியா, ஏலகிரியா?

போன மே மாதம் ஊட்டி. இந்த மே மாதம் ஏலகிரி. இரண்டு இடத்திலும் ஏழு நாள் தங்கினேன். நோக்கமும் ஒன்றுதான்: ஆகஸ்ட் கடைசியில் வரும் ஹைதராபாத் மாரத்தானுக்கு அடித்தளமாக ஒரே வாரத்தில் 115 கிலோமீட்டர் ஓடிவிட வேண்டும். ஊட்டியில் கணக்கு 84-ல் நின்றுவிட்டது. ஏலகிரியில் 115 முடிந்தது, எட்டாவது நாள் காலும் நன்றாக இருந்தது. வேலூர்ப் பக்கத்தில் யாராவது இதே யோசனையில் இருந்தால், நான் ஏலகிரியைத்தான் சொல்வேன்.

ஊரிலேயே ஓடினால் ஆகாதா என்று கேட்கலாம். கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர் இது. விடிகாலை நாலரைக்கு எழுந்து கோட்டையைச் சுற்றி ஓடலாம், ஒரு வேளைக்கு அது போதும். மாலை ஆறு மணிக்கும் தார் ரோடு அனல் அடிக்கும்போது இரண்டாவது ஓட்டம் நடக்காது. ஒரு வேளை மட்டும் ஓடி 115 சேர்க்க வேண்டுமென்றால் ஏழு நாளும் விடாமல் 16 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். நாற்பதைத் தாண்டிய காலுக்கு அது சரிவராது.

போக்குவரத்தும் செலவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊட்டிக்குக் காட்பாடியில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து பஸ். ஏலகிரிக்கு ஜோலார்பேட்டை வரை ரயில், அப்புறம் மலை பஸ். சீசனில் ஊட்டி ரூம் வாடகை எகிறும். சொந்த வண்டியில் போவதானால் 2024 மே முதல் இ-பாஸும் எடுக்க வேண்டும். இதையெல்லாம் வைத்து முடிவெடுக்காதீர்கள். முடிவைத் தீர்மானிப்பது உயரம், அதிலும் அந்த உயரத்துக்கு உடம்பு கேட்கும் நாட்கள்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம் என்றாலும், அழுத்தம் குறைந்ததால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைகிறது. இதைச் சரிக்கட்டச் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, எலும்பு மஜ்ஜையை அதிகச் சிவப்பணுக்கள் செய்யச் சொல்கிறது. மலைக்குப் போய்ப் பயிற்சி எடுப்பதன் பலன் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இதில் பொய் இல்லை. நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குப் பேர்போன கென்யாவின் இட்டென் ஊர் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதும், நம் நாட்டு நெடுந்தூர ஓட்டக்காரர்களின் முகாம்கள் ஊட்டியில் நடந்திருப்பதும் சும்மா இல்லை.

ஆனால் அவர்கள் அங்கே தங்குவது வாரக்கணக்கில், மாதக்கணக்கில். அந்த ஹார்மோன் ஓரிரு நாளிலேயே ஏறிவிடுகிறது. ரத்தத்தில் மொத்த ஹீமோகுளோபின் கணிசமாகக் கூடுவதற்கோ மூன்று நான்கு வாரம் வேண்டும். ஏழாவது நாள் மூட்டை கட்டுகிறவருக்கு அந்தப் பலன் கைக்கு வருவதில்லை. அவருக்குக் கிடைப்பது அதற்கு முந்தைய கஷ்டம் மட்டும்தான். முதல் சில நாட்களில் ரத்தத்தில் உள்ள பிளாஸ்மா நீர் குறையும், நாடித்துடிப்பு ஏறும், தூக்கம் கலையும்.

எனக்கு நடந்ததும் அதுதான். வேலூரில் விடிகாலையில் ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்று நிதானமாக ஓடினால் நாடி 140-ல் இருக்கும். ஊட்டியில் முதல் நாள் ஏரியைச் சுற்றி ஓடும்போது அதே 140-க்கு 6 நிமிடம் 50 விநாடி ஆனது. அதை ஏற்றுக்கொண்டு மெதுவாகவே ஓடியிருக்க வேண்டும். பழைய வேகத்தைப் பிடிக்கப் பார்த்தேன், இரண்டாம் நாள் ராத்திரி தூக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் ஓடவில்லை. நான்காம் நாளிலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க முடிந்தது. சேரிங் கிராஸிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் மேடு, இல்லாவிட்டால் இறக்கம். இறக்கத்தில் முன் தொடைத் தசை நீண்டபடியே உடம்பின் பாரத்தைத் தாங்குவதால் அடுத்த இரண்டு நாள் மாடிப்படி இறங்க முடியாத வலி. ஏழு நாளில் உருப்படியாக ஓடியது நான்கு நாள்.

ஏலகிரியின் உயரம் 1,100 மீட்டரை ஒட்டி. ரத்தத்தைக் கூட்டும் அளவுக்கு அது உயரமில்லை, அதற்காக அங்கே போக வேண்டாம். அங்கே கிடைப்பது வேறு: மூச்சு முதல் நாளே சரியாக இருக்கும், காலை மாலை இரண்டு வேளையும் ஓடும்படி குளிர்ச்சி இருக்கும். 1997-ல் லெவின், ஸ்ட்ரே-கண்டர்சன் இருவரும் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் ஒரு குழு நான்கு வாரம் 2,500 மீட்டரில் தங்கி, ஓடுவதற்கு மட்டும் 1,250 மீட்டருக்கு இறங்கியது. 5,000 மீட்டர் ஓட்டத்தில் முன்னேறியது அந்தக் குழுதான். அவர்கள் நன்றாக ஓடுவதற்கென்று இறங்கி வந்த உயரம் கிட்டத்தட்ட நம் ஏலகிரியின் உயரம். இதைப் படித்த பிறகுதான் எனக்கு மனசு தெளிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தேன். சனி 16, ஞாயிறு 18, இரண்டும் இரு வேளையாக. அத்தனாவூர், புங்கனூர் ஏரி, நிலாவூர்ப் பக்கம் என்று மேலேயே சுற்றினேன். மேடு பள்ளம் உண்டு, ஆனால் ஊட்டி மாதிரி தொடையைப் பிழியாது. திங்கட்கிழமை மாரத்தான் வேக ஓட்டம். அதற்குச் சமதளம் வேண்டும் என்பதால் காலை பஸ்ஸில் பொன்னேரிக்கு இறங்கி, கீழே 18 ஓடிவிட்டு பஸ்ஸிலேயே மேலே வந்தேன். செவ்வாய் 8 மட்டும்.

புதன்கிழமை லாங் ரன், 28. வார இறுதியில் பைக் கூட்டம் அதிகம் என்பதால் வேண்டுமென்றே நடு வாரத்தில் வைத்தேன். மறுபடி கீழே இறங்கி, சமதளத்தில் 12 முடித்து, அப்புறம் மலை ரோட்டில் ஏறினேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். கபிலர், ஔவையார், பாரி, ஓரி என்று பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே ஏறும்போது ஏற்றம் துண்டு துண்டாகப் பிரிந்துவிடுகிறது, அடுத்த பலகை வரை போனால் போதும் என்று தோன்றும். பாதி ஏற்றத்தில் மலை பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது. "ஏறுங்க சார், சீட் காலியா இருக்கு" என்றார் கண்டக்டர். "வேணாம்ண்ணா, மேல வந்துடுறேன்" என்றேன். மேலே டீக்கடையில் அவரே எனக்கும் சேர்த்து டீ சொல்லி வைத்திருந்தார்.

இதில் ஒரு விஷயத்தை விடாமல் கடைப்பிடியுங்கள்: ஏறுவது ஓட்டம், இறங்குவது பஸ். ஒரு நாள்கூட வளைவுகளில் இறங்கி ஓடவில்லை. அதனால்தான் வியாழன் 12, வெள்ளி 15 என்று கணக்கை முடிக்க முடிந்தது.

குறையும் இருக்கிறது. மே மாத மதியம் ஏலகிரியிலும் சுடும், ஊட்டிக் குளிரை எதிர்பார்க்காதீர்கள். மலை ரோட்டில் குரங்குகள் அதிகம், கையில் வாழைப்பழம் வைத்துக்கொண்டு ஓட முடியாது. ஓட்டல் சாப்பாட்டில் எண்ணெய் தூக்கலாக இருந்ததால் நான் சின்ன குக்கர் கொண்டுபோய்க் கஞ்சி வைத்துக்கொண்டேன்.

ஜவ்வாது மலையைப் பற்றியும் நண்பர்கள் கேட்கிறார்கள். ஜமுனாமரத்தூரில் நான் ஓடியது ஒரே ஒரு காலை. ரோடு அமைதி, சாமைச் சோறு அருமை. ஆனால் காட்டுப் பாதையில் இருட்டோடு தனியாக ஓட எனக்குத் துணிச்சல் வரவில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் வேறு மாதிரி இருக்கலாம், ஒரு நாள் அனுபவத்தை வைத்து அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

ஊட்டியைப் பற்றியும் என் அனுபவம் ஏழு நாள்தான். மூன்று நான்கு வாரம் தங்க வழி இருப்பவருக்கு நான் எழுதியது பொருந்தாது, அவர் ஊட்டிக்கே போகட்டும். போகும் முன், உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை மட்டும் செய்துகொள்ளட்டும். இரும்புச்சத்து இருப்பு குறைவாக இருந்தால் மலையில் எத்தனை நாள் இருந்தாலும் மஜ்ஜையால் கூடுதல் ரத்தம் செய்வது கடினம். வேலூரில் அந்தப் பரிசோதனைக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை.

எனக்கு அடுத்த மே மாதமும் அதே ஒரு வாரம்தான் கிடைக்கும். ஏலகிரியில் அதே ரூமைச் சொல்லி வைத்துவிட்டேன், இந்த முறை 120 கிலோமீட்டருக்கு.