அப்பாவின் லேப்டாப் மன்னார்குடியில், நான் சென்னையில்: ஐந்து வருட அனுபவம்

அப்பாவுக்கு 76 வயது. அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர், அதனால் கம்ப்யூட்டர் என்றால் பயமே கிடையாது. பயமில்லாததுதான் பிரச்சினையே. திரையில் எது வந்தாலும் ஓகே கொடுத்துவிட்டு அப்புறம்தான் எனக்குப் போன் செய்வார். "என்னப்பா வந்துச்சு?" என்றால் "என்னமோ கேட்டுச்சு பாப்பா, கொடுத்துட்டேன்" என்பார்.

2020 ஊரடங்கில் ஊருக்குப் போக முடியாதபோது, இங்கிருந்தே அவர் திரையைப் பார்க்க ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைத் திறந்து அதில் தெரியும் எண்ணைப் போனில் வாசிக்க வேண்டும், நான் இணைந்ததும் அங்கே வரும் பெட்டியில் சம்மதம் என்று அழுத்த வேண்டும். ஒரே மாதத்தில் தேறிவிட்டார். நான் ஹலோ சொல்வதற்குள் எண்ணை ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வருடம் ஒரு மத்தியானம், வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். கேஒய்சி காலாவதியாகிவிட்டது, கணக்கு முடங்கப் போகிறது, நாங்களே கம்ப்யூட்டரில் சரிசெய்து தருகிறோம் என்று ஆரம்பித்திருக்கிறான். அப்பா வழக்கம்போல் செயலியைத் திறந்து எண்ணை வாசிக்கிறார். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா "யாரு, பாப்பாவா?" என்று கேட்க, "இல்ல, பேங்க்" என்று இவர் சொல்ல, அம்மா எழுந்து வந்து போனைப் பிடுங்கிக் கட் செய்துவிட்டார். பணம் எதுவும் போகவில்லை. ஆனால் எனக்கு அன்று ராத்திரி தூக்கமில்லை. யார் எண்ணைக் கேட்டாலும் வாசி, பெட்டி வந்தால் சம்மதம் கொடு என்று வருடம் முழுக்கப் பழக்கி வைத்தது நான்தானே. தொலைவிலிருந்து இயக்கும் செயலிகள் மூலம் யுபிஐ பணத்தைத் திருடுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்திருந்தது, அதை நான் படித்ததே இந்தச் சம்பவத்துக்கு அப்புறம்தான்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அந்தச் செயலியை நீக்கிவிட்டு, தொலைவிலிருந்து இயக்க கூகுள் தரும் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போட்டேன். அதிலும் எண் வாசிக்கும் வழி ஒன்று உண்டு, அதைத் தொடவே இல்லை. என் கூகுள் கணக்கில் அந்த லேப்டாப்பை ஒருமுறை பதிந்து, ஒரு பின் எண் வைத்துவிட்டால் (குறைந்தது ஆறு இலக்கம்) அங்கே யாரும் எதையும் சொல்ல வேண்டாம், அழுத்த வேண்டாம். இப்போது அப்பாவுக்கு ஒரே விதிதான்: திரையில் தெரியும் எந்த எண்ணையும் யாருக்கும் சொல்லக் கூடாது, நானே கேட்டாலும். இதில் ஆபத்து முழுக்க என் பக்கம் வந்துவிடுகிறது, என் ஜிமெயிலும் பின் எண்ணும் ஒருவன் கையில் சிக்கினால் அப்பா வீட்டுக் கதவு திறந்த மாதிரி. அதனால் என் கணக்குக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு (பாஸ்வேர்டு தவிர இன்னொரு உறுதிப்படுத்தலும்) கட்டாயம். "நான் இல்லாதப்போ உள்ள வருவியா?" என்று அப்பா கேட்டார், நியாயமான கேள்வி. போன் செய்யாமல் நுழைய மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், நான் இணைந்திருக்கும்போது அவர் திரையில் கீழே ஒரு பட்டையும் தெரியும்.

அவர் கணக்கிலிருந்து நிர்வாகி உரிமையையும் எடுத்துவிட்டேன். பெரும்பாலான செயலிகளைப் புதிதாக நிறுவினால் பாஸ்வேர்டு கேட்கும், அது என்னிடம் இருக்கிறது. நிறுவாமலே ஓடும் செயலிகளை இது தடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சார்ஜரில் இருக்கும்போது லேப்டாப் தூங்கக் கூடாது என்றும் வைத்துவிடுங்கள், தூங்கிவிட்டால் உங்களால் எழுப்ப முடியாது. அதிகம் பலன் தந்தது எது என்றால் இது எதுவுமே இல்லை, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டதுதான். "ரவுண்டு சுத்திக்கிட்டே இருக்கு" என்ற போன் அன்றோடு நின்றது.

மிச்சம் வரும் புகார்களில் முக்கால்வாசி, மூலையில் எட்டிப்பார்க்கும் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" பெட்டிகள். வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்டபோது இவர் ஓகே கொடுத்திருப்பார். குரோம் செட்டிங்ஸில் தள அனுமதிகளுக்குள் போய் அந்தத் தளத்தை நீக்கி, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று வைத்தால் போதும், இரண்டு நிமிட வேலை.

ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. நான் மவுஸை நகர்த்தும்போது அவர் கையும் அங்கே மவுஸ் மேலேயே இருக்கும், "கைய எடுங்கப்பா" என்று கத்துவேன். போன வருடம் அப்படித்தான், நான் எதையும் தொடவில்லை, திரையில் அம்புக்குறி மட்டும் சின்னச் சின்னதாக நடுங்கிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கை. டபுள் கிளிக் ஆக மாட்டேன் என்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததற்கு அன்றுதான் காரணம் புரிந்தது. கிளிக் வேகத்தைக் குறைத்து வைத்தேன், தம்பியை விட்டு டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னேன்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது, இந்த லேப்டாப்பில் 11 ஏறாது. மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்த்திருப்பதால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும், அதற்குள் புதிது வாங்க வேண்டும்.

எண் விதி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், அளவுக்கு மீறி நன்றாக. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன் போனுக்கு வந்த நான்கு இலக்க எண்ணைக் கேட்டிருக்கிறான். "எம் பொண்ணு கேட்டாலே சொல்ல மாட்டேன், உனக்கா?" என்று அப்பா விரட்டிவிட்டார், சிலிண்டரும் அவனோடு திரும்பிப் போய்விட்டது. விதிக்கு விலக்கு சொல்லிக்கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது சிலிண்டர் வந்தால் அம்மாதான் வாசலுக்குப் போகிறார்.