பச்சை மூடி போட்ட வெள்ளை டப்பா: சியாக்காப் குஞ்சு வளர்ப்போர் கவனத்துக்கு

பினாங்கில் நிபோங் திபால், புக்கிட் தம்பூன் பக்கம் சியாக்காப் (தமிழ்நாட்டில் கொடுவா என்பார்களே, அந்த மீன்) குஞ்சு வளர்க்கும் நம்மவர்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மீன் தீவனத்தில் சேர்க்கும் தூள், ஒரு கிலோ டப்பா. வெள்ளை உடம்பு, பச்சை மூடி. “உயிருள்ள ஈஸ்ட், கிராமுக்கு 2,000 கோடி” என்று ஒட்டியிருக்கும். விலை 170 ரிங்கிட். நான் நான்கு வாங்கினேன்.

விற்றவர் நம் ஆள்தான். தீபாவளிக்கு மைத்துனர் வீட்டுக்கு வந்திருந்தார். முறுக்கைக் கடித்துக்கொண்டே மீன் குடலைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அத்தனையும் புளுகாக இருந்திருந்தால் அப்போதே எழுந்து போயிருப்பேன். பாதி உண்மை. என்னைக் கவிழ்த்தது அந்தப் பாதிதான்.

மறுநாள் ஓர் ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கத்தைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பினார். டெபாரியோமைசிஸ் ஹான்செனி என்று ஓர் ஈஸ்ட். மீன் குடலிலிருந்தே பிரித்தெடுத்தது. அதைத் தீவனத்தில் சேர்த்தால், அது உண்டாக்கும் ஸ்பெர்மின், ஸ்பெர்மிடின் என்ற பொருள்களால் குஞ்சின் குடல் சீக்கிரம் முதிர்கிறது என்பது ஆய்வாளர்கள் கண்டதுதான். ஆனால் அவர்கள் வளர்த்துப் பார்த்தது ஐரோப்பியக் கடலின் பாஸ் மீன். நம் சியாக்காப் வேறு மீன். டப்பாவிலோ எந்த ஈஸ்ட் என்ற பெயரே கிடையாது. ஈஸ்டைக் குறிக்கும் “ராகி” என்ற மலாய்ச் சொல் மட்டும் அச்சிட்டிருந்தது. அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “மீனுக்குக் கேழ்வரகுக் கஞ்சியா ஊற்றப் போகிறாய்?” என்று கேட்டார். சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

“கொதிக்கிற தண்ணீரில் கரைத்துத் தீவனத்தின் மேல் தெளியுங்கள் அண்ணா, நன்றாக ஒட்டும்” என்றார் விற்றவர். ஈஸ்ட் போட்டு அப்ப மாவு கரைக்கிற வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள், கரண்டியோடு வருவார்கள். 60 டிகிரியில் ஈஸ்ட் பிழைக்காது. ஆலைத் தீவனத்தில்கூட, உருண்டை சூட்டில் வெந்து ஆறிய பிறகுதான் உயிருள்ள ஈஸ்டை எண்ணெயோடு மேற்பூச்சாகப் பூசுவார்கள். ஏதோ வாய் தவறிச் சொல்கிறார் என்று நினைத்து, வெதுவெதுப்பான நீரிலேயே கரைத்தேன். அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை. ஏனென்றால் அடுத்து அவர் சொன்னது என் மின்கட்டணத்துக்கு இனித்தது: “இதைப் போட்டால் தினமும் தண்ணீர் மாற்ற வேண்டாம், மூன்று நாளுக்கு ஒரு முறை போதும்.” ஈஸ்டுக்கு வேலை குடலுக்குள். தொட்டியில் சேரும் அம்மோனியாவைத் தின்று தீர்ப்பவை பாக்டீரியாக்கள்; அவை வேறு. கடல்நீர் காரத்தன்மை உள்ளது என்பதால் அதில் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் கூடும். இத்தனையும் எனக்குத் தெரியாததல்ல. பன்னிரண்டு வருடமாகத் தொட்டி வைத்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஐந்தாம் நாள் விடியற்காலை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றரை அங்குலக் குஞ்சுகள் காற்றுக்குழாயைச் சுற்றி மொய்த்துக்கொண்டு, வாயை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டித் திறந்து திறந்து மூடின. ஒன்றை உள்ளங்கையில் எடுத்துச் செவுள் மூடியை நகத்தால் நெம்பினேன். வீங்கிச் சளி பூத்திருந்தது. அம்மோனியா சோதனைக் குழாயில் மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் கரும்பச்சை. பாதித் தண்ணீரை மாற்றியும் 4,000 குஞ்சில் மாலைக்குள் 1,700 போய்விட்டன. துவண்டு கிடந்தவற்றில் சிலவற்றைப் பெரியவை விழுங்கியதையும் கண்ணால் பார்த்தேன். சியாக்காப் அப்படித்தான்.

அன்றிரவு அம்மா இரண்டு கண்ணாடித் தம்ளர்களை எடுத்து வைத்தார். இரண்டிலும் வெதுவெதுப்பான நீர், ஒரு கரண்டி சர்க்கரை. ஒன்றில் மளிகைக் கடை ரொட்டி ஈஸ்ட், மற்றதில் டப்பாத் தூள். பத்து நிமிடத்தில் முதல் தம்ளரில் நுரை எழும்பிக் கள்ளுக்கடை வாசம் அடித்தது. மற்றதில் தூள் சுண்ணாம்பு போல அடியில் படிந்து கிடந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தோம், ஒரு குமிழி இல்லை. முதலுதவிப் பெட்டியிலிருந்த அயோடினை ஒரு சொட்டு விட்டேன். கருநீலம். மாவு. அம்மாவின் கேழ்வரகுக் கஞ்சி அவ்வளவு தவறில்லை.

மாவு கலப்பது மட்டுமே குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஈஸ்டைத் தாங்க ஏதாவது ஒரு தூள் வேண்டும். ஆனால் பல்கலைக்கழகத்தில் படிக்கும் உறவுக்காரப் பெண் மெத்திலீன் நீலம் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தாள். உயிருள்ள செல் சாயத்தை வெளுத்துவிடும், செத்தது நீலமாகவே நிற்கும். “மாமா, மாவுமணிகளுக்கு நடுவே ஒன்றிரண்டு செல்தான் தெரிகிறது. அதுவும் நீலம்” என்றாள்.

விற்றவரிடம் கேட்டதற்கு அவர் அசரவில்லை. “செத்த ஈஸ்டும் நல்லதுதான் அண்ணா, அதன் செல் சுவரில் பீட்டா குளுக்கான் இருக்கிறது” என்றார். உண்மைதான், அது மீனின் எதிர்ப்பு சக்திக்கு உதவும். அப்படியானால் செத்தது என்று எழுதி விற்க வேண்டும். பீர் ஆலைக் கழிவு ஈஸ்ட் மலிவான புரதத் தூளாகவே கிடைக்கிறதே, அதற்கு எதற்கு 170 ரிங்கிட்?

பணம் திரும்பவில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி மனுக் கொடுக்கலாம் என்று போனேன். அது வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவர்களுக்கானது, தொழிலுக்கு வாங்கிய சரக்குக்கு அங்கே இடமில்லை. நீதிமன்றம் போகலாம் என்றால் என்னிடம் இருப்பது துண்டுச் சீட்டு, அதிலும் கடையின் பெயர் இல்லை.

போன வாரம் சிம்பாங் அம்பாட்டில் ஒருவர் தொட்டியருகே அதே டப்பாவைப் பார்த்தேன். பெயர் மாறியிருக்கிறது, மூடி அதே பச்சை. காலாவதித் தேதி ஒட்டியிருக்கும் வெள்ளித்தாளின் மூலையை நகத்தால் கிளப்பினால், அடியில் வேறொரு தேதி இருக்கிறது. என் டப்பாவில் அது இரண்டு வருடம் பழையது. மீதி மூன்றையும் திறக்காமல் வைத்திருக்கிறேன், பார்க்க விரும்புபவர்கள் தம்ளரோடு வரலாம், சர்க்கரை என்னுடையது.