கராத்தேயா, ஜூடோவா, பாக்ஸிங்கா, சிலம்பமா? பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு ஒப்பீடு

"எனக்கு ஏதாவது ஒரு தற்காப்புக் கலை கத்துக்கணும், எதில் சேரட்டும்?" என்று பெங்களூரில் இருக்கும் தமிழ் நண்பர்கள் கேட்கும்போது, பேச்சு கடைசியில் இந்த நான்கில்தான் வந்து நிற்கிறது. கராத்தே வகுப்பு ஏறக்குறைய எல்லா ஏரியாவிலும் உண்டு. அபார்ட்மெண்ட் கிளப் ஹவுஸ், பள்ளி மைதானம், மொட்டை மாடி என்று எங்கேயும் நடக்கும். பாக்ஸிங்கை இப்போது ஜிம்களே சொல்லித் தருகின்றன. சிலம்ப ஆசான்கள் அல்சூர், விவேக் நகர் மாதிரி தமிழர்கள் அதிகம் வாழும் பகுதிகளில் விசாரித்தால் கிடைப்பார்கள். ஜூடோவைத்தான் கொஞ்சம் அலைந்து தேட வேண்டும்.

எந்தக் கலை என்பதைவிட இரண்டு விஷயங்கள் முக்கியம் என்று நினைக்கிறேன். வகுப்பில் உங்களை உண்மையாக எதிர்க்கும் ஒரு ஆளோடு பயிற்சி செய்ய விடுகிறார்களா? வாரம் மூன்று நாள் போய் வர முடிகிற தூரத்தில் அந்த இடம் இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் 'ஆமாம்' என்று பதில் வரும் வகுப்பு எந்தக் கலையாக இருந்தாலும் சேரலாம். இல்லையென்றால் சுவரில் எத்தனை கோப்பை மாட்டியிருந்தாலும் யோசிக்க வேண்டும்.

எதிர்க்கும் ஆள் ஏன் தேவை என்பதற்கு ஜூடோவின் பிறப்பைப் பார்த்தாலே போதும். அதை உருவாக்கிய கானோ ஜிகோரோ சிறு உருவம் கொண்டவர். பள்ளி நாட்களில் பலசாலிப் பையன்களிடம் அடி வாங்கியதால்தான் ஜுஜுட்ஸு என்ற பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையைக் கற்கப் போனார். 1882இல் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற கோயிலுக்குள், 12 பாய் விரிக்கிற அளவு இடத்தில் தன் கூடத்தைத் தொடங்கினார். பழைய ஜுஜுட்ஸுவில் எலும்பை உடைக்கிற பிடிகளும் நேரடி அடிகளும் இருந்தன. அவற்றை யாரும் நண்பன் மேல் முழு பலத்தோடு பழகிப் பார்க்க முடியாது. ஆபத்தானவற்றை கானோ விளையாட்டுப் பயிற்சியிலிருந்து விலக்கி வைத்தார். மிச்சமிருந்த தூக்கிப் போடுதலையும் பிடியையும் தினமும் முழு பலத்தோடு, விடாமல் எதிர்க்கும் ஆள் மேல் பழக முடிந்தது. இந்தச் சுதந்திரப் பயிற்சிக்குப் பெயர் ரண்டோரி. இங்கிலாந்தில் 1867இல் வந்த குயின்ஸ்பரி விதிகள் பாக்ஸிங்குக்குக் கையுறையையும் 3 நிமிட ரவுண்டையும் கொண்டுவந்தபோது அங்கேயும் இதேதான் நடந்தது: கட்டுப்பாடு கூடியது, அதற்குள் முழு வேகத்தில் மோத முடிந்தது.

கராத்தேயும் சிலம்பமும் வேறு பாதையில் வந்தவை. இரண்டிலும் தனியாகச் செய்யும் அடவு வரிசைதான் கலையைச் சேமித்து வைத்திருக்கும் பெட்டகம். கராத்தேயில் அதைக் கட்டா என்கிறோம். ஜப்பானின் ஓகினாவா தீவிலிருந்து 1922இல் டோக்கியோவுக்கு வந்து கராத்தேயை அறிமுகப்படுத்திய ஃபுனாகோஷி கிச்சினுக்கு சுதந்திரச் சண்டைப் பயிற்சியில் பெரிய நாட்டம் இல்லை. கட்டாவே மையம் என்றார். அவர் இறந்த 1957ஆம் ஆண்டில்தான் ஜப்பான் கராத்தே சங்கத்தின் முதல் அகில ஜப்பான் போட்டி நடந்தது. கட்டாவா, சண்டையா என்ற அந்தப் பிளவு இன்றும் பெங்களூரின் தெருக்கள் வரை நீள்கிறது. ஒரு வகுப்பில் கட்டா, பெல்ட் டெஸ்ட், மறுபடி கட்டா என்று வருடங்கள் ஓடும். நாலு தெரு தள்ளி இன்னொரு வகுப்பில் கால் காப்பு, பல் காப்பு, கையுறை போட்டுக்கொண்டு வாரம் தவறாமல் குமிதே (எதிராளியோடு பயிற்சிச் சண்டை) நடக்கும். வெளியே தொங்கும் போர்டு இரண்டிலும் ஒன்றுதான்.

ஆகவே கராத்தேயில் சேர நினைத்தால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் முழு வகுப்பையும் உட்கார்ந்து பாருங்கள், குறிப்பாகக் கடைசி அரை மணி நேரத்தை. மாணவர்கள் ஒருவரையொருவர் அடிக்க முயல்கிறார்களா, காற்றை மட்டும் அடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்களா? பிரவுன் பெல்ட்டில் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா? தொடர்ந்து வருடக்கணக்கில் வருகிறவர்கள் இருக்கும் வகுப்பில் மாஸ்டர் நல்லவராகத்தான் இருப்பார். பெல்ட் டெஸ்ட் எத்தனை மாதத்துக்கு ஒன்று, கட்டணம் எவ்வளவு, பிளாக் பெல்ட்டுக்குப் பொதுவாக எவ்வளவு காலம் ஆகும் என்று நேராகக் கேளுங்கள். ஒன்றரை வருடத்தில் பிளாக் பெல்ட் என்று யாராவது உத்தரவாதம் தந்தால் எழுந்து வந்துவிடலாம்.

கராத்தேக்கு ஒரு பெரிய பலம் உண்டு. தனியாகப் பழகலாம். ஆன்சைட் போனாலும், இரவு ஷிஃப்ட் வந்தாலும், ஹாலில் சோஃபாவை நகர்த்தினால் கிடைக்கும் இடத்தில் கட்டா செய்யலாம். ஜூடோவில் அந்த வசதி கிடையாது; ஆளும் விழுவதற்கான மெத்தையும் (மேட்) இல்லாமல் ஒரு வாரம்கூட ஒழுங்காகப் பழக முடியாது. ஒலிம்பிக் கனவோடு பிள்ளையைச் சேர்ப்பவர்கள் மட்டும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கராத்தே 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம் பெற்றது, 2024 பாரிஸில் இல்லை.

நான்கில் சீக்கிரம் பலன் தெரிவது பாக்ஸிங்கில்தான். கற்க வேண்டிய அடிகள் சில மட்டுமே. அவற்றையே ஆயிரக்கணக்கில் அடிக்க வைப்பார்கள். சில மாதங்களிலேயே நிற்கும் விதம், மூச்சு, தூரக் கணிப்பு எல்லாம் மாறிவிடும். வடசென்னையில் தலைமுறை தலைமுறையாக வேரூன்றிய கலை என்பதால் நம் வீடுகளில் இதைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆனால் பெங்களூர் ஜிம்களில் 'பாக்ஸிங்' என்று போட்டிருப்பதில் பாதி, பேக்கை அடித்து வியர்வை சிந்தும் உடற்பயிற்சி வகுப்பு. உடம்பு குறைய அது போதும், சண்டை கற்க அது போதாது. எதிரே இருப்பவர் திருப்பி அடிப்பார் என்ற நினைப்பு இல்லாமல் பழகிய கைகள் கீழேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

தலையில் விழும் அடியைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தலைக்கவசம் வெட்டுக் காயத்தைத் தடுக்கும்; மூளை உள்ளே குலுங்குவதை அது தடுப்பதில்லை. பெரியவர்களுக்கான ஆண்கள் அமெச்சூர் பாக்ஸிங்கில் 2013இலேயே தலைக்கவசத்தை எடுத்துவிட்டார்கள். மூளையை வைத்துச் சம்பாதிக்கிற நாம், பொழுதுபோக்குக்காக அதைப் பணயம் வைக்கக் கூடாது. நல்ல கோச் முதலில் உடம்பில் மட்டும் அடிக்கும் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) வைப்பார், அப்புறம் மெதுவாகத் தொடுகிற மாதிரி. சேர்ந்த முதல் வாரமே ரிங்குக்குள் தள்ளி அடி வாங்க வைக்கும் இடம் வேண்டவே வேண்டாம். தலைவலி, வாந்தி, மயக்கம் எது வந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள், அவர் சொல்லும் வரை ஸ்பாரிங் கிடையாது. கையுறைக்குள் சுற்றும் கைத்துணி வாங்கும்போது 4.5 மீட்டர் நீளமுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். குட்டையான துணி மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளாது.

ஜூடோவில் முதல் சில வாரங்கள் வெறும் விழுதல்தான். பக்கவாட்டில், பின்னால், உருண்டு முன்னால். தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையை ஊன்றாமல், உள்ளங்கையால் மேட்டை அறைந்து விழ வேண்டும். பலர் இங்கேயே சலித்துப்போய் நின்றுவிடுகிறார்கள். தயவுசெய்து நிற்காதீர்கள். தெருவில் சண்டை வருவது அபூர்வம், வழுக்கி விழுவது சகஜம். மழைக்காலத்தில் பெங்களூர் நடைபாதையில் நடப்பவருக்கும் டூ வீலர் ஓட்டுபவருக்கும் இது புரியும். விழும்போது கையை ஊன்றித்தான் பெரும்பாலும் மணிக்கட்டு எலும்பு முறிகிறது. அந்தப் பழக்கத்தை உடம்பிலிருந்து எடுத்துவிடுவதை வேறு எந்தக் கலையும் எனக்குத் தெரிந்து இவ்வளவு நன்றாகச் செய்வதில்லை.

அப்புறம் ரண்டோரி தொடங்கும். உங்களைவிட பத்து கிலோ குறைந்த ஒரு காலேஜ் பெண் உங்களைத் தூக்கிப் போடுவாள். மறுபடி எழுந்து சட்டையைப் பிடிப்பீர்கள், மறுபடி விழுவீர்கள். பிடித்து இழுக்கும் ஆளிடம் பதறாமல் மூச்சு விடுவது எப்படி என்பது இந்த மாதங்களில்தான் படியும். பெண்கள் பாதுகாப்புக்காகக் கற்க வேண்டும் என்று கேட்டால் நான் ஜூடோவையே முதலில் சொல்வேன். பிடியிலிருந்து விடுபடுவதும், கீழே தள்ளப்பட்டால் எழுவதும்தான் அங்கே தேவைப்படுகிற திறமை. நம் நாட்டில் சுசீலா தேவி காமன்வெல்த் போட்டிகளில் 2014, 2022 இரண்டிலும் வெள்ளி வென்றார். 2022இல் துலிகா மானும் வென்றார். இதில் சங்கடங்களும் உண்டு. விரல், தோள், முழங்கால் அடிபடும். மேட் மெல்லியதாகவோ, துண்டுகளுக்கு நடுவே இடைவெளியோடோ இருந்தால் அந்த இடத்தில் சேர வேண்டாம்.

ஜூடோ கிடைக்காவிட்டால் பிரேசிலிய ஜியு-ஜிட்ஸு அதன் நெருங்கிய உறவு. மயேடா மிட்சுயோ என்ற ஜூடோ வீரர் 1914இல் பிரேசில் போய்ச் சொல்லித் தந்ததிலிருந்து கிரேசி குடும்பத்தார் வளர்த்தது. தரைச் சண்டைதான் அதிகம், தூக்கிப் போடுவது குறைவு. எனவே நாற்பதை நெருங்குபவர்களின் முதுகுக்கு இது இன்னும் இதமாக இருக்கலாம். பிளாக் பெல்ட்டுக்குப் பத்து வருடம் ஆவது அங்கே சாதாரணம். டேக்வாண்டோ உதைகளுக்குப் பெயர் பெற்றது, 2000 சிட்னியிலிருந்து ஒலிம்பிக் பதக்க விளையாட்டு, பிள்ளைகளுக்கு நல்லது. ஒரே சனிக்கிழமையில் முடிகிற தற்காப்புப் பட்டறைகள் விழிப்புணர்வு தரும், உடம்புக்குப் பழக்கம் தராது.

சிலம்பத்தைப் பற்றிப் பேசும்போது என் மனம் கொஞ்சம் சாய்வதை மறைக்கப் போவதில்லை. பெங்களூரில் பிறந்து, கன்னடமும் ஆங்கிலமும் படித்து, தமிழை வீட்டுக்குள் மட்டும் பேசி வளரும் பிள்ளைக்கு ஆசான் வாயிலிருந்து சுவடு, வரிசை, வீச்சு என்று தமிழ் காதில் விழுவது ஒரு கொடை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம் பெற்ற பிறகு பெற்றோரின் பார்வையும் மாறி வருகிறது. இரண்டு கையும் சமமாக வேலை செய்யும். கால் ஓயாமல் இடம் மாறும். தூரத்தைக் கண் அளக்கக் கற்கும். குதிப்பும் மோதலும் குறைவாக வைத்துக்கொள்ளலாம் என்பதால் ஐம்பது வயதில் தொடங்கக்கூட ஏற்றது.

இங்கேயும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். மேடையில் கம்பு சுற்றுவதோடு நிற்கிறதா, எதிராளியின் உடம்பைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறையும் உண்டா? சுற்றுவது கண்ணுக்கு அழகு. கம்பு உங்கள் பக்கம் வரும்போது என்ன செய்கிறீர்கள் என்பது தொடுமுறையில்தான் தெரியும். குத்துவரிசையும் சேர்த்துச் சொல்லித் தரும் ஆசான் கிடைத்தால் வெறுங்கைக்கும் வழி உண்டு. கூரை உயரமான இடமோ திறந்த மைதானமோ வேண்டும். அபார்ட்மெண்ட் ஹாலில் நடக்காது. இந்த ஊருக்கே சொந்தமான பயிற்சி மரபும் இருக்கிறது: கரகத் திருவிழாவில் வாளேந்தி வரும் வீரக்குமாரர்கள் பயிற்சி எடுக்கும் கரடி மனைகள் (கன்னடத்தில் உடற்பயிற்சிக் கூடங்கள்). பழைய பேட்டைப் பகுதிக்குப் போனால் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

தூரம் விஷயத்துக்கு வருகிறேன். பெல்லந்தூரில் இருப்பவர் மல்லேஸ்வரத்தில் இருக்கும் அருமையான வகுப்பில் சேர்ந்தால், இரண்டாவது மாதத்தில் அவுட்டர் ரிங் ரோடு அவரைத் தோற்கடித்துவிடும். நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஓரளவு நல்ல வகுப்பு அதைவிட மேல். முடிந்தால் காலை 6 மணி வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். சாயங்கால மீட்டிங் அதைத் தின்னாது.

ஏற்கெனவே சேர்ந்து, இப்போது விட்டுவிடலாமா என்று யோசிப்பவர்களுக்கு: மூன்றாம் மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் நடுவில் எல்லோருக்கும் இந்த நினைப்பு வரும். ஆரம்ப வேகம் குறைந்திருக்கும், திறமை இன்னும் கண்ணுக்குத் தெரியாது, பக்கத்தில் சேர்ந்தவர் முந்திப் போயிருப்பார். அந்த நேரத்தில் வாரம் ஒரு நாளாவது போய்க்கொண்டிருங்கள். வகுப்பு முடிந்ததும் அன்று கற்ற ஒன்றை மட்டும் எழுதி வையுங்கள். சில மாதங்கள் கழித்து அந்த நோட்டைப் படித்தால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். பிடி இறுகினால், விடச் சொல்லும் அடையாளமாக எதிராளியையோ மேட்டையோ உடனே தட்டிவிடுங்கள். தட்டியவர் நாளைக்கும் பயிற்சிக்கு வரலாம், தட்டாமல் முழங்கை சுளுக்கியவர் மாதக்கணக்கில் வர முடியாது. குழந்தை பெற்ற பிறகு திரும்ப முடியுமா என்று தயங்கும் பெண்களுக்கு மேரி கோமைக் காட்டுவேன். இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயான பின்தான் 2012 லண்டனில் ஒலிம்பிக் வெண்கலம் வென்றார். கலையை மாற்றினால் கற்றது வீணாகுமோ என்று பயப்படுபவர்களுக்கு லவ்லினா: தாய்லாந்துச் சண்டைக் கலையான முவாய் தாயில் தொடங்கி பாக்ஸிங்குக்கு வந்து, டோக்கியோவில் பதக்கத்தோடு திரும்பினார்.

ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு என்றால் பக்கத்தில் ஜூடோ இருந்தால் ஜூடோ, இல்லையென்றால் குமிதே நடக்கும் கராத்தே, தமிழும் சேர்ந்து வேண்டும் என்றால் சிலம்பம். தலையில் அடிபடும் ஸ்பாரிங்கைப் பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முப்பதைத் தாண்டி நாள் முழுக்க நாற்காலியில் உட்காருபவர்களுக்கு ஜூடோ அல்லது ஜியு-ஜிட்ஸு. கோபத்தையும் மன அழுத்தத்தையும் கொட்ட இடம் தேடுபவர்களுக்குத் தலையை விட்டுவைக்கும் பாக்ஸிங்.

முதல் நாள் போகும்போது நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரம், செயின், காதணி எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். முதுகு, முழங்கால், ரத்த அழுத்தம் என்று எந்தப் பிரச்சினை இருந்தாலும் வார்ம் அப் தொடங்கும் முன்பே மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். அதைக் காது கொடுத்துக் கேட்டு, உங்களுக்கென்று பயிற்சியை மாற்றித் தருகிறாரா என்று பாருங்கள். தருகிறார் என்றால் அன்றே ஃபீஸ் கட்டிவிடலாம்.