ஜோஹன்னஸ்பர்க் பைப் ட்யூனிங்: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

டர்பன் பக்கம் மாடல் விமானம் விடும் நம்ம ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜோஹன்னஸ்பர்க்கில் ஒருவர், சின்ன டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு ட்யூன்ட் பைப், அதாவது சக்தி கூடும்படி நீளம் பார்த்து அமைக்கும் புகைக்குழாய், பொருத்தித் தருகிறார். என்னுடைய 6.5 சிசி எஞ்சினை அனுப்பினேன். 1,800 ரேண்ட் வாங்கிக்கொண்டு, எஞ்சினையும் பைப்பையும் இணைக்கும் ஹெடரில் ஒரு கட்டைவிரல் நீளத்தை வெட்டிவிட்டு, "ரேஸ் ட்யூனிங் அண்ணே, பிச்சுக்கிட்டுப் போகும்" என்று திருப்பி அனுப்பினார். என்ன ப்ரொப்பெல்லர் போடுகிறீர்கள், எத்தனை ஆர்பிஎம் வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அது தெரியாமல் எதை வைத்து வெட்டினார்? புகைத்துளை திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை, பைப்பின் விரியும் கூம்பிலிருந்து உறிஞ்சலாகத் திரும்பி சிலிண்டரைக் காலி செய்கிறது, அப்புறம் குறுகும் கூம்பில் மோதி அழுத்தமாகத் திரும்பி, வெளியே வழிந்த புதுக் கலவையைத் துளை மூடுவதற்குள் உள்ளே தள்ளுகிறது. 12,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கே 5 மில்லிசெகண்ட்தான், துளை திறந்திருப்பது அதில் பாதிகூட இல்லை. நீளம் குறைந்தால் அலை சீக்கிரம் வந்துவிடும், பைப் வேலை செய்யும் ஆர்பிஎம் மேலே ஏறிவிடும். என் 10க்கு 6 ப்ரொப்பெல்லரை (10 அங்குல விட்டம், 6 அங்குல பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) வைத்துக்கொண்டு அந்த எஞ்சின் அங்கே எட்டவே எட்டாது. அதனால் பழைய சாதா சைலன்சரில் ஓடியதைவிட இப்போது இழுவை கம்மி. இதில் ரகசிய வித்தை எதுவும் இல்லை, 1950களிலேயே கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் பைக்குகளுக்காக எஞ்சினியர் வால்டர் காடன் வேலை செய்து காட்டிய விஷயம்.

இன்னொரு கூத்து, எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் நீடிலையும் அவரே செட் செய்து, "தொடாதீங்க" என்று ஒரு சீட்டு வேறு ஒட்டியிருந்தார். அவர் ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே, காற்று லேசு. இங்கே கடலோர டர்பனின் அடர்ந்த காற்றுக்கு அதே செட்டிங் லீன், அதாவது காற்றுக்கு எரிபொருள் போதாது, எஞ்சின் கொதித்து, கலவையைப் பற்றவைக்கும் க்ளோ பிளக் போயிற்று. நல்லவேளை, பிஸ்டன் பிடித்துக்கொள்வதற்குள் அணைத்துவிட்டேன்.

போன் செய்தால் "உங்க எஞ்சின் பழசு" என்கிறார், பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

யாரிடம் கொடுத்தாலும் ஹெடரை நீளமாகவே வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் போடும் ப்ரொப்பெல்லரை மாட்டி, டாகோமீட்டரில் ஆர்பிஎம்மைப் பார்த்துப் பார்த்து, இரண்டு மூன்று மில்லிமீட்டராக வெட்டலாம். வெட்டியதை ஒட்ட முடியாது. நான் புது ஹெடர் சொல்லியிருக்கிறேன். 18,000 ஆர்பிஎம்முக்கு மேல் சுற்றும் குட்டி ப்ரொப்பெல்லர் யாராவது ஓட்டினால், இந்தக் குட்டை ஹெடரை எடுத்துக்கொள்ளுங்கள், தபால் செலவு கொடுத்தால் போதும்.